பிஎல்சி சொல்லிக்குடுத்து ஸ்கிரீன் ரெக்கார்டிங் வீடியோ போட்டா காசு வருமா? கொஞ்சம் நீளமான பதில்

தம்பி ஒருத்தரு கேட்டிருந்தாரு. கப்பலூர் சிட்கோ பக்கம் பேனல் போர்டு செய்யிற கம்பெனில 9 வருஷமா இருக்காராம், பிஎல்சி (மெஷின ஓட்டுற சின்ன கம்ப்யூட்டர்), விஎஃப்டி (மோட்டார் வேகத்த மாத்துறது), எச்எம்ஐ (ஆபரேட்டர் பாக்குற ஸ்கிரீன்) எல்லாம் அத்துப்படி, மில்லு மில்லா போயி கமிஷனிங் (புது மெஷின செட் பண்ணி ஓட வச்சுக் குடுக்கிறது) பண்ணிட்டு வர்றவரு. "ஸ்கிரீன ரெக்கார்ட் பண்ணி நமக்குத் தெரிஞ்சத சொல்லிக்குடுத்து சைடுல காசு பாக்கலாமாண்ணே, என்ன மைக் வாங்கணும், தமிழ்லயா இங்கிலீஷ்லயா, எம்புட்டு வரும், வேலைய விட்றலாமா" – இம்புட்டையும் ஒரே மூச்சுல கேட்டுட்டாரு. நானும் மதுரைல உக்காந்து இதே பொழப்புதான் பாக்குறேன், அதனால தெரிஞ்சத எழுதுறேன்.

காசு விசயத்த மொதல்ல பேசிருவோம், ஏன்னா மைக்கு, கேமரான்னு ஆரம்பிச்சா பாதிப்பேரு அங்கயே நின்னு போயிர்றாங்க. டெக்னிக்கல் ஆளுகளுக்குப் போடுற வீடியோவுல, வீடியோவுக்குன்னு நேரா வர்ற காசு கம்மி தம்பி. அந்த வீடியோ நமக்கு செஞ்சு குடுக்கிற வேலை என்னன்னா, "இந்தாளுக்கு உண்மையிலயே விசயம் தெரியும்"னு முன்னப்பின்ன தெரியாத ஒருத்தர நம்ப வைக்கிறது. நம்புனவரு அப்புறம் காசு குடுக்கிறது வேற எதுக்காச்சும் – சோதிச்சுப் பாத்த புரோகிராம் ஃபைலுக்கு, சனிக்கிழமை சாயந்தரம் சந்தேகம் கேக்குற கிளாஸுக்கு, அவரு மில்லுல இருக்கிற மெயின்டனன்ஸ் ஆளுகளுக்கு ரெண்டு நாள் டிரெய்னிங்குக்கு. இத மனசுல வச்சுக்கிட்டீங்கன்னா எந்த வீடியோ எடுக்கணும், எத இலவசமா விடணும், எதுக்கு வெல போடணும்னு பாதி முடிவு தானா வந்துரும்.

யூடியூப் கணக்கப் பாருங்க. விளம்பரக் காசு வரணும்னா 1000 சப்ஸ்கிரைபர், அதோட கடைசி 12 மாசத்துல 4000 மணி நேரம் ஆளுக பாத்திருக்கணும். (ஷார்ட்ஸ் வழியா போனா 90 நாள்ல 1 கோடி வியூஸ், அது நமக்கான ரூட் இல்ல, அம்புட்டு சின்ன வீடியோவுல லேடர் லாஜிக் (பிஎல்சி புரோகிராம் எழுதுற முறை) சொல்லி யாருக்குப் புரியப் போகுது.) 8 நிமிஷ வீடியோவ ஆளு சராசரியா 4 நிமிஷம் பாக்குறாருன்னு வச்சா 4000 மணி நேரத்துக்கு 60,000 வியூஸ் வேணும், அதுவும் ஒரு வருஷத்துக்குள்ள. சமையல் சேனலுக்கு அது ஒரு வாரத்து வேலையா இருக்கலாம், அனலாக் இன்புட் (சென்சார் அளவு பிஎல்சிக்குள்ள வர்ற எடம்) பத்திப் பேசுற நமக்கு அப்பிடி இல்ல. அதத் தாண்டுனாலும் விளம்பர வருமானத்துல நம்ம பங்கு 55 சதவீதம். அக்கவுண்ட்ல 10 டாலர் சேந்ததும் வீட்டு அட்ரஸுக்கு தபால்ல ஒரு பின் நம்பர் வரும், அத போட்டு வெரிஃபை பண்ணணும், 100 டாலர் தாண்டுனாத்தான் பேங்குக்குப் பணம் வரும். 500 சப்ஸ்கிரைபர், 3000 மணி நேரம், 90 நாள்ல 3 வீடியோங்கிற சின்ன வாசல் ஒண்ணும் இருக்கு, அதுல விளம்பரக் காசு கெடையாது, மெம்பர்ஷிப் மாதிரி ஆளுக நேரா குடுக்கிறது மட்டும் தெறக்கும்.

ஆன்லைன்ல கோர்ஸ் விக்கிற யுடெமி தளம் வேற கதை. கோர்ஸ் ஏத்தணும்னா கொறஞ்சது 30 நிமிஷம் வீடியோ, 5 லெக்சர் இருக்கணும், அது பெரிய விசயமில்ல. பங்குதான் விசயம்: நம்ம கூப்பன் லிங்க் வழியா ஆளு வந்து வாங்குனா நமக்கு 97 சதவீதம், அவங்க தளத்துல தானா தேடி வந்து வாங்குனா 37. கோர்ஸ் பாதி நேரம் ஆஃபர்ல 499 ரூபாய்க்குத்தான் போகும், அதுல ஜிஎஸ்டி போக 37 சதவீதம்னா ஒரு விற்பனைக்கு 150 ரூபா சொச்சம். சந்தா கட்டிப் பாக்குறவங்க பக்கம் நமக்குன்னு ஒதுக்குற பங்கு வருஷா வருஷம் எறங்கிட்டே வருது – 2024-ல 20 சதவீதம், 2025-ல 17.5, 2026-ல 15. அத நம்பி வீட்டு லோனு போட்றாதீங்க. ஆனா வடநாட்டு ஆளு, வெளிநாட்டு ஆளு நம்மளக் கண்டுபிடிக்க அது ஒரு வழி, அந்தளவுல வச்சுக்கலாம்.

காசு குடுத்து வீடியோ பாப்பாங்களான்னு ஒரு சந்தேகம் வரும். பாப்பாங்க, அது பழைய சமாச்சாரம். 2006-லயே பீப்கோட்னு ஒண்ணு, ரூபி ஆன் ரெயில்ஸ்ல (வெப்சைட் செய்யிறதுக்கான ஒரு சாஃப்ட்வேர்) புரோகிராம் எழுதுறவங்களுக்கு ஒரு ஸ்கிரீன்காஸ்ட் (ஸ்கிரீன் ரெக்கார்டிங் வீடியோ) 9 டாலர்னு வித்தாங்க, 2013-ல புளூரல்சைட்ங்கிற ஆன்லைன் கோர்ஸ் கம்பெனி அத வாங்கிருச்சு. அதே ஆளுகளுக்கான ரெயில்ஸ்காஸ்ட்ஸ் 2007-ல இலவசமா ஆரம்பிச்சு, பின்னாடி மாசம் 9 டாலர்னு சந்தா வச்சாங்க, அதுவும் ஓடுச்சு. வாங்குன ஆளுக யாரு? ஆபீஸ்ல சம்பளம் வாங்குற, ஒரு மணி நேரம் மிச்சமானா அதுக்கு வெல தெரிஞ்ச ஆளுக. காலேஜ் பையன் வாங்க மாட்டான், அவன் டெலிகிராம்ல ஓசிக்குத் தேடுவான், அவன் மேல கோவிச்சுப் பிரயோஜனம் இல்ல.

இப்ப எத எடுக்குறதுங்கிறதுக்கு வர்றேன், இதுதான் எனக்கு முக்கியமா படுது. "பிஎல்சி அடிப்படை பாகம் 1"னு ஆரம்பிக்காதீங்க. அது இங்கிலீஷ்ல, இந்தில, தமிழ்லயும் நெறைய கெடக்கு. வேலைல இருக்கிறவன் பாடம் தேடல, லைன் நின்னு போயி சூப்பர்வைசர் பின்னாடி நின்னு கத்திக்கிட்டு இருக்கையில ஃபோன்ல என்ன டைப் பண்ணுவானோ அதான் உங்க தலைப்பு. ஒண்ணு சொல்றேன் பாருங்க: "டேங்க் காலியா இருக்கு, ஸ்கிரீன்ல 2 பார் காட்டுது".

நீங்க படிச்ச ஒடனே சிரிச்சிருப்பீங்க, என்னன்னு தெரியும். சீமென்ஸ் எஸ்7-1200-ங்கிற பிஎல்சி, அழுத்தத்த அளந்து 4–20 மில்லிஆம்ப் கரண்டா அனுப்புற பிரஷர் டிரான்ஸ்மிட்டர், ரேஞ்சு 0–10 பார் (0-ன்னா 4 மில்லிஆம்ப், 10-ன்னா 20). அந்தக் கரண்ட நம்பரா மாத்துற அனலாக் கார்டு 4–20-னு செட் ஆகியிருந்தா 4 மில்லிஆம்புக்கு 0, 20-க்கு 27648. ஆனா யாரோ அவசரத்துல 0–20-னு விட்டுட்டுப் போயிட்டாங்க. இப்ப டேங்க் காலியா இருக்கையில வர்ற 4 மில்லிஆம்புக்கு கார்டு 5530 குடுக்கும், அத ஸ்கேல் பண்ணுனா (பார் கணக்குக்கு மாத்துனா) 2 பார். நடுவுல, 12 மில்லிஆம்புல, 13824 வந்து 5 பார் காட்டணும், வர்றது 16589, காட்டுறது 6 பார். ஃபுல் பிரஷர்ல ரெண்டும் ஒண்ணு, 10 பார், அதனாலதான் கமிஷனிங் அன்னைக்கு மேல் அளவ மட்டும் பாத்துட்டு கையெழுத்து வாங்கிட்டுப் போனவனுக்கு ஒண்ணும் தெரியல. சென்சார மாத்துவாங்க, கேபிள மாத்துவாங்க, எர்த்திங்க நோண்டுவாங்க, பிரச்சினை டிவைஸ் கான்ஃபிகரேஷன்ல ஒரே ஒரு டிராப்டவுன்ல உக்காந்திருக்கும்.

இத 7 நிமிஷத்துல காட்டலாம். மொத அரை நிமிஷம் தப்பான ரீடிங்க மட்டும் காட்டுங்க, வணக்கம், சேனல் பேரு, பெல் ஐகான் ஒண்ணும் வேணாம். அப்புறம் வாட்ச் டேபிள்ல (பிஎல்சிக்குள்ள ஓடுற நம்பர நேரா காட்டுற பட்டியல்) அந்த 5530-ஐக் காட்டுங்க, கணக்கப் போட்டுக் காட்டுங்க, அந்த டிராப்டவுன மாத்தி டவுன்லோட் பண்ணி 0 வர்றதக் காட்டுங்க, 4, 12, 20 மூணு எடத்துலயும் சரிபாக்கச் சொல்லுங்க. முடிஞ்சுது. பாத்த ஆளுக்கு அன்னைக்கு ராத்திரி வேலை முடிஞ்சிரும், உங்க பேரு ஞாபகம் இருக்கும். இந்த மாதிரி ஃபால்ட்டு உங்க சர்வீஸ் ரிப்போர்ட் புக்குல எத்தன கெடக்குன்னு எண்ணிப் பாருங்க, அம்புட்டும் தலைப்புதான். 9 வருஷ அனுபவம்னு நீங்க சொல்றது அந்தப் புக்குதான்.

எம்புட்டு நீளம் போடலாம்னா, 2014-ல எட்எக்ஸ்ங்கிற ஆன்லைன் பாடத் தளத்துல 69 லட்சம் வீடியோ பார்வைகள வச்சு ஒரு ஆய்வு வந்துச்சு, எம்புட்டு நீள வீடியோவா இருந்தாலும் பாத்தவங்கள வரிசைப்படுத்துனா நடுவுல வர்றவரு 6 நிமிஷத்துக்கு மேல நிக்கலன்னு சொன்னாங்க. அது படிக்கிற பிள்ளைகள வச்சு எடுத்தது, லைன் நின்னு போன மெயின்டனன்ஸ் ஆளு விசயம் கெடைக்கும்னா 20 நிமிஷமும் பாப்பாரு, ஆனா தேவையான எடத்துக்கு தாவித் தாவித்தான் பாப்பாரு. அதனால நீளமா இருந்தா சாப்டர் போட்ருங்க. 0:00-ல ஆரம்பிச்சு கொறஞ்சது 3 சாப்டர், ஒவ்வொண்ணும் 10 செகண்டாவது இருந்தாத்தான் யூடியூப் எடுத்துக்கும்.

தமிழா இங்கிலீஷானு கேட்டீங்க. தமிழ்தான், நம்ம பேசுற தமிழ். ஸ்கேலிங், இன்டர்லாக், டிரிப்பு எல்லாம் அப்பிடியே இருக்கட்டும், அதுக்கெல்லாம் தூய தமிழ் தேடுனா பேனல் ரூம்ல இருக்கிறவனுக்கே புரியாது. ராஜபாளையம் மில்லுல, ஓசூர்ல, ஸ்ரீபெரும்புதூர்ல, சிங்கப்பூர்ல, கல்ஃப்ல ஐடிஐ, டிப்ளமோ முடிச்சிட்டு வேலை பாக்குற நம்மாளுக இருக்காங்க, அவங்களுக்கு மேனுவல் படிக்கத் தெரியும், ஆனா ஒருத்தன் பக்கத்துல நின்னு சொல்ற மாதிரி சொன்னா கணக்கா பிடிச்சுக்குவாங்க. தமிழ்ல டெக்னிக்கல் சொல்லிக்குடுத்தா எடுபடுமான்னு இழுக்கிறவங்க ஐஐடி பாம்பேயோட ஸ்போக்கன் டுடோரியல் போயிப் பாக்கலாம். பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யா ஆரம்பிச்சது, லினக்ஸ், சைலேப், லிப்ரெஆஃபீஸ்னு 10 நிமிஷ ஸ்கிரீன்காஸ்ட்டா போட்டு தமிழ் உட்பட இந்திய மொழிகள்ல டப் பண்ணி வச்சிருக்காங்க, நம்மூரு காலேஜ்ல படிச்ச நெறையப் பேரு அதுல டெஸ்ட் எழுதியிருப்பாங்க.

அவங்ககிட்ட இருந்து திருட வேண்டியது ஒண்ணு இருக்கு: ஸ்கிரிப்ட் எழுதுற முறை. ரெண்டு காலம், எடது பக்கம் ஸ்கிரீன்ல என்ன நடக்குது, வலது பக்கம் என்ன பேசுறோம். எழுதி முடிச்சதும் விசயம் தெரியாத ஒருத்தர விட்டு படிச்சபடியே செஞ்சு பாக்கச் சொல்லுவாங்க, எங்க முட்டுறாரோ அங்க ஸ்கிரிப்ட்டு ஓட்டை. உங்க கம்பெனில புதுசா சேந்த டிரெய்னி ஒரு பையன் இருப்பான்ல, அவன உக்கார வைங்க. எழுதாம பேசுனா என்னாகும்னா "இப்ப இந்த... இதுக்குப் போயி... இங்க இத..."ன்னு 3 நிமிஷ விசயம் 11 நிமிஷம் ஓடும். இன்னொண்ணு, "இங்க கிளிக் பண்ணுங்க"ன்னு சொல்லாதீங்க, அந்த பட்டன் பேர சொல்லுங்க. பாக்குறவரு பேனல் கதவத் தெறந்து வச்சுக்கிட்டு காதுலதான் கேட்டுக்கிட்டு இருப்பாரு, கண்ணு டெர்மினல் மேல இருக்கும்.

ரெக்கார்டிங்குக்கு ஓபிஎஸ் ஸ்டுடியோ போதும், இலவசம். 1920-க்கு 1080, 30 ஃபிரேம், ஸ்கிரீனுக்கு அதுக்கு மேல தேவையில்ல. ரெக்கார்டிங் ஃபார்மட்ட எம்கேவி-னு வைங்க. நம்மூருல கரண்டு எப்ப போகும்னு சொல்ல முடியாது, சாதா எம்பி4-ல ரெக்கார்ட் ஆகிட்டு இருக்கையில கரண்டு போச்சுன்னா அந்த ஃபைலு தெறக்கவே தெறக்காது, எம்கேவி-ன்னா போன வரைக்கும் நிக்கும், அப்புறம் ஃபைல் மெனுவுல ரீமக்ஸ் குடுத்து எம்பி4 ஆக்கிக்கலாம். யுபிஎஸ் ஒண்ணு இருந்தா நல்லது. மாசாந்திர பராமரிப்புன்னு மின்வாரியம் நிறுத்துற தேதிய பேப்பர்ல பாத்து வச்சுக்கங்க, அன்னைக்கு எடிட்டிங் கூட நடக்காது.

எழுத்து சைஸ்தான் நெறையப் பேரு கோட்ட விடுற எடம். டிஐஏ போர்ட்டல் (சீமென்ஸ் பிஎல்சிக்கு புரோகிராம் எழுதுற சாஃப்ட்வேர்) ஸ்கிரீன் சும்மாவே நெருக்கடி, எடது பக்கம் புராஜெக்ட் ட்ரீ, வலது பக்கம் கேட்டலாக், கீழ இன்ஸ்பெக்டர், நடுவுல ரவ்வுண்டு லேடர். மத்ததெல்லாம் மடக்கிருங்க, விண்டோஸ் டிஸ்பிளே ஸ்கேலிங்க 125 இல்ல 150 ஆக்குங்க, லேடர்ல நீங்க காட்டுற நெட்வொர்க்க (புரோகிராமோட ஒரு துண்டு) பெருசாக்கி வைங்க. மைக்ரோசாஃப்ட்டோட ஜூம்இட்-னு ஒண்ணு இருக்கு, இலவசம், கன்ட்ரோல் 1 அமுக்குனா ஸ்கிரீன் பெருசாகும், கன்ட்ரோல் 2 அமுக்குனா மேல வரையலாம், அதப் பழகிக்கங்க. செவப்பு எழுத்து கறுப்பு பின்னணின்னு வைக்காதீங்க, வீடியோவ சுருக்கும்போது கலர் விவரத்தத்தான் மொதல்ல கொறைக்கிறாங்க, சின்ன செவப்பு எழுத்து கலங்கிரும். நான் பண்ற சோதனை ஒண்ணு: 10 செகண்டு கிளிப்ப எடுத்து வாட்ஸ்அப்ல எனக்கே அனுப்பி, அஞ்சரை இஞ்சு ஃபோன்ல ஒரு கை தூரத்துல வச்சுப் பாப்பேன். வாட்ஸ்அப் நல்லா கசக்கித்தான் அனுப்பும், அதுல டேக் பேரு (புரோகிராம்ல ஒவ்வொரு சிக்னலுக்கும் வச்ச பேரு) படிக்க முடிஞ்சா எங்கயும் படிக்க முடியும்.

இப்ப மைக்கு. படம் சுமாரா இருந்தாலும் ஆளு பாப்பான், சத்தம் கரகரன்னு இருந்தா போயிருவான். நம்மூரு வீட்டுல எடுக்குறவங்களுக்கு நான் சொல்றது டைனமிக் மைக், யுஎஸ்பி-ல சொருகுறது. கண்டென்சர் மைக்கு நல்ல ஸ்டுடியோவுல தேனா கேக்கும், வில்லாபுரத்து மாடி வீட்டுல ஷேர் ஆட்டோ ஹாரன், எதுத்த வீட்டு மிக்சி, காக்கா எல்லாத்தையும் சேத்துக் குடுக்கும். டைனமிக் மைக்க வாய்க்கு நாலு வெரக்கடை தூரத்துல, நேரா இல்லாம கொஞ்சம் சாச்சு வச்சுப் பேசுனா 'ப' சொல்லும்போது காத்து மைக்குல வெடிக்காது. மீட்டர்ல உச்சம் மைனஸ் 12-ல இருந்து மைனஸ் 6 டெசிபலுக்குள்ள நிக்கணும். யூடியூப் சத்தம் கூடுதலா இருந்தா மைனஸ் 14 எல்யுஎஃப்எஸ் (மொத்த சத்தத்த அளக்குற அலகு) அளவுக்குக் கொறைச்சிரும், ஆனா கம்மியா இருந்தா ஏத்தாது, அதனால எக்ஸ்போர்ட்டுக்கு முன்னாடி அந்த அளவுக்குக் கொண்டு வந்துருங்க. ஓபிஎஸ்லயே நாய்ஸ் சப்ரஷன் ஃபில்டர் இருக்கு, அதப் போட்டா ஃபேன் சத்தம் போகும்னு நெனச்சு ஃபேன ஓட விடாதீங்க, குரலு தண்ணிக்குள்ள இருந்து பேசுற மாதிரி ஆயிரும். ஃபேன நிறுத்தித்தான் ஆகணும். ஏப்ரல், மே-ல அது தண்டனைதான், அதுக்குன்னு விடிகாலைல எந்திரிச்சு எடுக்க வேண்டியதுதான். சித்திரைத் திருவிழா சமயம், அப்புறம் ஆடி மாசம் தெருவுக்கு ஒரு கொழா ஸ்பீக்கர் கட்டிருவாங்க, அந்த வாரமெல்லாம் ஸ்கிரிப்ட் எழுதுறதுக்குன்னு ஒதுக்கிருங்க, சண்டைக்குப் போகாதீங்க. ரூமு எதிரொலிக்கு ஃபோம் ஒட்டி செலவழிக்க வேணாம், துணி நெறைஞ்ச பீரோவத் தெறந்து வச்சு, செவுத்துல மெத்தைய சாச்சு வச்சா போதும்.

எடிட்டிங்குக்கு விண்டோஸ்ல டாவின்சி ரிசால்வ் இலவச வெர்ஷன் போதும், லினக்ஸ்னா அந்த இலவச வெர்ஷன் எச்.264 (நெறைய வீடியோ ஃபைலுக இருக்கிற ஃபார்மட்) எடுக்காது, கேடென்லைவ் போட்டுக்கங்க. கம்பைல் ஆகுற நேரம், டவுன்லோட் ஆகுற நேரம், "ம்ம்ம்" எல்லாத்தையும் வெட்டுங்க. டிரான்சிஷன், பேக்ரவுண்டு மியூசிக் ஒண்ணும் வேணாம், ஃபால்ட்டு தேடுறவனுக்கு வீணை எதுக்கு.

இந்தத் தொழில்ல வீடியோவுக்கு வயசு உண்டு. டிஐஏ போர்ட்டல் வெர்ஷன் மாறிக்கிட்டே இருக்கும், மெனு எடம் மாறும், பாத்தவன் கீழ "அண்ணே எனக்கு அந்த பட்டனே காணோம்"னு எழுதுவான். அதனால கருத்து சொல்ற பகுதியையும் (4–20-னா என்ன, 27648 எங்க இருந்து வருது) மெனுவத் தெறந்து கிளிக் பண்ற பகுதியையும் தனித்தனி கிளிப்பா எடுத்து வைங்க. வெர்ஷன் மாறுனா ரெண்டாவத மட்டும் திரும்ப எடுத்து ஒட்டி, காசு குடுத்து வாங்குனவங்களுக்கு புதுசு அனுப்பிரலாம். காசு குடுத்தவன் திரும்பத் திரும்ப வர்றதுக்கு இந்த அப்டேட்டுதான் காரணம்.

வெலைக்கு விக்கிறது எப்பிடின்னா, சொந்தமா விக்கிறதுதான் தேறும். ரேசர்பே மாதிரி பேமென்ட் லிங்க் எடுத்துக்கிட்டா சுமார் 2 சதவீதம் கட்டணம், அதுக்கு மேல ஜிஎஸ்டி, மிச்சம் நம்மது. அக்கவுண்ட் தெறக்க உங்க தளத்துல ரீஃபண்டு பாலிசி, தொடர்பு விவரம், விதிமுறைன்னு பக்கங்க கேப்பாங்க, மொதல்லயே எழுதி வச்சிருங்க. விக்கிற பொருளு வீடியோ மட்டும்னா நாலே நாள்ல டெலிகிராம்ல சுத்தும். அத முழுசா தடுக்க முடியாது, வாங்குனவரு ஃபோன் நம்பர வாட்டர்மார்க்கா ஓட விட்டா கொஞ்சம் கூச்சப்படுவாங்க, அம்புட்டுதான். திருட முடியாதது ரெண்டு: நீங்க நேர்ல வந்து சந்தேகம் தீக்குற நேரம், உங்க அப்டேட். வெலைய அது மேல போடுங்க.

கம்பெனி டிரெய்னிங்தான் பெருசு. மில்லு மேனேஜரு உங்க வீடியோவ அவரு ஆளுக பாக்குறதப் பாத்துட்டுக் கூப்பிடுவாரு. தலைக்கு இவ்வளவுன்னு பேசாதீங்க, நாளுக்கு இவ்வளவுன்னு பேசுங்க, ஏன்னா தலைக்குன்னா நாலு பேர கணக்குல காட்டிட்டு 12 பேரு உக்காருவாங்க. பிஓ (பர்ச்சேஸ் ஆர்டர்) வாங்காம பஸ் ஏறாதீங்க. டிடிஎஸ் புடிச்சுத்தான் குடுப்பாங்க, ரிட்டர்ன்ல கணக்கு காட்டி சரி பண்ணிக்கலாம். வருஷ வரவு 20 லட்சம் தாண்டுற வரைக்கும் சேவைக்கு ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்ல, தாண்டுற மாதிரி தெரிஞ்சா முன்னாடியே ஆடிட்டரப் பாருங்க. யூடியூப், யுடெமி ரெண்டுலயும் அமெரிக்க வரி ஃபாரம் கேப்பாங்க, டபிள்யூ-8பென். அத பான் நம்பரோட சரியா நெரப்புனா இந்தியா–அமெரிக்கா ஒப்பந்தப்படி 15 சதவீதம்தான் புடிப்பாங்க, யூடியூப்ல அதுவும் அமெரிக்காவுல இருந்து பாத்தவங்க வழியா வந்த காசுக்கு மட்டும். யூடியூப்ல நெரப்பாம விட்டா மொத்த வருமானத்துலயும் 24 சதவீதம் வரைக்கும் எடுத்துருவாங்க.

இனி சூதானமா இருக்க வேண்டிய எடம். ரெக்கார்டிங்குக்குன்னு விண்டோஸ்ல தனி யூசர் அக்கவுண்ட் போடுங்க, அதுல வாட்ஸ்அப், மெயிலு எதுவும் இருக்கக்கூடாது. கஸ்டமர் பேரு புராஜெக்ட் ட்ரீயில தெரியும், ஐபி அட்ரஸ் ஆன்லைன் போகையில தெரியும், விபிஎன் பாஸ்வேர்டு நோட்பேடுல கெடக்கும், பாக்குறவன் வீடியோவ நிறுத்தி வச்சுப் படிச்சிருவான். கஸ்டமர் புரோகிராமக் காட்டவே கூடாது, அதே ஃபால்ட்ட புதுசா ஒரு சின்ன புராஜெக்ட்ல உண்டாக்கிக் காட்டுங்க, சிமுலேஷன்ல ரா வேல்யூவ (கார்டு குடுக்கிற நம்பர) கையால அடிச்சாலே 5530 வந்துரும். கிராக் பண்ணுன சாஃப்ட்வேர்ல எடுத்து ஊருக்கே காட்டாதீங்க, டிஐஏ போர்ட்டலுக்கு 21 நாள் டிரையல் உண்டு, ஸ்கிரிப்ட்டெல்லாம் எழுதி முடிச்சிட்டு அத இன்ஸ்டால் பண்ணுங்க. கோடிசிஸ்ங்கிற பிஎல்சி புரோகிராம் எழுதுற சாஃப்ட்வேரு இலவசம், அதோட சாஃப்ட் பிஎல்சி (கம்ப்யூட்டருக்குள்ளயே ஓடுற பிஎல்சி) டெமோவுல 2 மணி நேரம் ஓடி நின்னுரும், திரும்ப ஸ்டார்ட் பண்ணிக்கலாம், பாடம் எடுக்க அது தாராளம். சீமென்ஸ் லோகோவ தம்ப்நெயில்ல பெருசா போட்டு அவங்களே நடத்துற கோர்ஸ் மாதிரி காட்டிக்காதீங்க.

வேலைய விடலாமான்னா, இப்ப வேணாம். சர்வீஸுக்கு வெளிய போறதுதான் உங்களுக்கு தலைப்பு குடுக்குது, அத விட்டுட்டு உக்காந்தா ஒரு வருஷத்துல சொன்னதையே சொல்லிக்கிட்டு இருப்பீங்க. டிரெய்னிங் பிஓ வந்துட்டே இருந்து, விளம்பரக் காச சேக்காமலே வீட்டுச் செலவு ஓடுற நெலம வந்தா அப்ப யோசிங்க. அதுக்கு முன்னாடி உங்க அப்பாயின்ட்மென்ட் ஆர்டர எடுத்து கடைசிப் பக்கம் வரைக்கும் படிங்க தம்பி. வேலைல இருக்கையில வேற வருமானம் கூடாதுன்னு ஒரு வரி இருக்கும், நீங்க உண்டாக்குறதெல்லாம் கம்பெனிக்குச் சொந்தம்னு இன்னொரு வரி இருக்கும். மொதலாளி நல்லவரா இருந்தா "பண்ணிக்கப்பா"ம்பாரு, ஆனா வாயில சொன்னது பத்தாது. கம்பெனி லேப்டாப் இல்லாம, கம்பெனி நேரம் இல்லாம, கஸ்டமர் விவரம் இல்லாம பண்றேன்னு நீங்களே ஒரு மெயில் போட்டு, சரின்னு ஒரு வரி பதில் வாங்கிக்கங்க, அப்புறமா மைக்க ஆர்டர் போடுங்க.